இடுப்புக்கு இரண்டு வெட்டு

பப்பா இறந்த அன்று அவருக்குப் போட்டுவிட ஒரு கோட்டு இல்லை. சவப்பெட்டி கொண்டுவந்தவர் கேட்டபோது அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஆறு சேட்டு, நான்கு நீளக்கால் களிசான், இரண்டு சாரம். மட்டக்களப்பில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த எங்கள் பறங்கிச் சமூகத்தில் முப்பது வருடமாகக் கல்யாணம் கட்டிய ஆண்களில் பாதிப்பேருக்குக் கோட்டு வெட்டியவர் அவர். அவருடைய கல்யாணக் கோட்டைக் கடல் கொண்டுபோனது. பிறகு தனக்கென்று ஒன்று வெட்டவில்லை. தன் கையால் தைத்த வெள்ளைச் சேட்டோடு போனார். 2010 ஜூன்.

நான் கொழும்பில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். தராசு, அழுத்தமானி, அடிக்கோல். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அவர் பெயர் வேர்னன். அவருடைய தகப்பன் சப்பாத்துத் தைத்தவர். பதினாறு வயதில் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் ஒரு தையற்கடையில் பத்து வருடம் இருந்தார். 1972-ல் திரும்பி வந்து, கடலோரம் டச்பாரில் எங்கள் வீட்டின் முன்னறையில் கடை போட்டார். வாசலில் பலகை: ‘வேர்னன் – ஆண்கள் ஆடை வடிவமைப்பு’. அந்த ஊரில் அப்படி ஒரு பலகை அதற்கு முன் இருக்கவில்லை. பக்கத்து வீட்டு அருமைநாயகம் மாமா சைக்கிள் திருத்துகிறவர். பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

“தையல் எண்டு எழுதியிருந்தா பலகையில எடம் மிஞ்சியிருக்கும், வேர்னன்.”

“மிஞ்சின எடத்தில உன்ர பேரை எழுதுறன். வந்து பொத்தான் தைக்கிறியா?”

வடிவமைப்பு என்றால் என்ன என்று கேட்டவர்களுக்குப் பப்பா ஒரே பதில்தான் வைத்திருந்தார். “மத்தவன் ஆளுக்குத் தைப்பான். நான் ஆள் செய்யிற வேலைக்குத் தைக்கிறன்.”

முதலில் கோட்டு. எங்கள் கல்யாணங்களில் வயலின் வாசித்துக் கஃபரிஞ்ஞா ஆடுவார்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆடுகிற ஆட்டம். கொழும்பில் தைத்த கோட்டோடு ஆடினால் கோட்டு முழுவதும் மேலே ஏறும், சேட்டு வெளியே வரும், தோள் காதைத் தொடும். பப்பா கைத்துவாரத்தை மேலே தூக்கி, கக்கத்துக்கு நெருக்கமாக வெட்டினார். கை மட்டும் ஏறும், கோட்டு இருந்த இடத்தில் இருக்கும். முதுகுப் பக்கத்து உள்துணியை எடுத்துவிட்டார், எங்கள் வெக்கைக்கு. நீளத்தை இரண்டு அங்குலம் குறைத்தார். முன்னால் ஒரே ஒரு பொத்தான். மாப்பிள்ளை கடைக்குள்ளேயே நான்கு அடி ஆடிக் காட்ட வேண்டும். மம்மா தாளம் போடுவா. கோட்டு அசைந்தால் திரும்ப வெட்டுவார்.

துணி மருதமுனையில் இருந்து வந்தது. சரீப் நானா சாரம் நெய்கிறவர். சாரத்துக்கு நெய்த கெட்டித் துணியைக் கோட்டுக்குக் கேட்ட முதல் ஆள் பப்பாதான். “மாஸ்டர், இதை இடுப்பில கட்டுறதுக்கு நெய்ஞ்சேன்” என்றார் சரீப் நானா. “கொஞ்சம் மேல ஏத்திக் கட்டப் போறம்” என்றார் பப்பா. சாரத்தின் கரையை வீணாக்காமல் கொலரின் உள்பக்கத்தில் வைத்துத் தைத்தார். கொலரைத் தூக்கினால்தான் தெரியும், ஒரு சிவப்புக் கோடு. எங்கள் பக்கத்துத் தமிழ் ஆட்களும் சரீப் நானாவின் முஸ்லிம் ஆட்களும் ஒருவர் தெருவில் ஒருவர் போக முடியாதிருந்த வருடங்களில்கூட, யாரோ ஒருவருடைய வாகனத்தில் அந்தத் துணி வந்துகொண்டிருந்தது.

அடுத்தது சேட்டு. களுவாஞ்சிக்குடி இராசதுரை சேர் மட்டக்களப்பு ரவுனில் படிப்பித்தார். வேட்டி உடுத்து, நீளக் கைச் சேட்டுப் போட்டு, தினமும் பஸ்ஸில் வருவார். தொண்ணூறுகளில் அந்த வழியில் ஐந்து ஆமிச் சாவடியில் இறக்கி நடக்க விட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் சேட்டைத் தூக்கி இடுப்பைக் காட்ட வேண்டும், அடையாள அட்டையை நீட்ட வேண்டும்.

“வேர்னன், அட்டை எடுக்கக் கைய உள்ள விட்டா அவன் துவக்க நிமித்துறான். எனக்கு இந்த வயசில ஒரு நாளைக்கு அஞ்சு தரம் சாக ஏலாது.”

பப்பா அவரைக் கடையில் நிறுத்தி, பஸ்ஸால் இறங்குகிற மாதிரி, அட்டை எடுக்கிற மாதிரி, சேட்டைத் தூக்குகிற மாதிரி எல்லாம் செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு வெட்டினார். அடி நேராக, இரண்டு பக்கமும் பிளவு, களிசானுக்குள் விடத் தேவையில்லை. ஒரு கையால் தூக்கலாம். நெஞ்சுப் பை அடையாள அட்டையின் அளவே. அட்டையின் மேல் விளிம்பு வெளியே தெரியும், இரண்டு விரல் போதும். இரண்டு வருடத்தில் ரவுனில் கந்தோர் வேலைக்குப் போகிற ஆண்களில் பலர் அந்தச் சேட்டோடுதான் நடந்தார்கள். வேர்னன் சேட் என்று பெயர். வேட்டிக்கும் சரி, சாரத்துக்கும் சரி, களிசானுக்கும் சரி, பொருந்தியது. பப்பாவுக்கு அதில் இருந்த பெருமை கோட்டில்கூட இல்லை.

இனி அவர் அளவெடுத்த விதம். இதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது.

அவர் அளவு நாடா பாவிக்கவில்லை. எண் எழுதவும் இல்லை. ஒன்றரை அங்குல அகலத்தில் ஒரு நீளமான கடதாசிக் கீலம், ஆளுக்கு ஒன்று. ஒரு நுனியில் பெயர். அந்த நுனியை வைத்துக் கீலத்தை உடம்பில் சுற்றி, முடிகிற இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு “வெட்டு” என்பார். மம்மா, அவ பெயர் டோறா, சின்னக் கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு வெட்டுவா. நெஞ்சுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, இப்படி. இடுப்புக்கு மட்டும் இரண்டு. மூச்சை இழுத்துப் பிடித்து ஒன்று, மூச்சை விட்டு ஒன்று. அந்த இரண்டும் மற்றவற்றில் இருந்து பிரிந்து தெரியும்படி சரிவாக வெட்டுவா. களிசானின் இடுப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். வேலை முடிந்ததும் கீலத்தைக் கோட்டின் முன்பக்கத்துக்குள், நெஞ்சு நிமிர்ந்து நிற்க உள்ளே வைக்கும் கன்வசுக்கும் மேல்துணிக்கும் இடையில் வைத்துத் தைத்துவிடுவார். ஆள் தடித்தால் கோட்டைத் திறந்து, கீலத்தைப் பார்த்து, உள்ளே மடித்து விட்டிருக்கும் துணியை வெளியே எடுக்கலாம்.

படித்துவிட்டு வந்த புதிதில் நான் சண்டை பிடித்தேன். “ஈரக்காத்தில கடதாசி நீளும் பப்பா. நூத்துக்கு ஒண்டுகூடப் போகும்.”

“மனிசனும்தான் நீளுறான், ரெனி. ரெண்டும் சேந்து நீளட்டும்.”

மம்மா சிரித்தா. “அவர்ட்ட எண்ணைக் கேக்காத. எங்கட கல்யாணத் திகதியே அவருக்குத் தெரியா.”

2004-ல் கெரனுக்குக் கல்யாணம் சரிவந்தது. கெரன் புளியந்தீவுப் பையன், மோட்டார் மெக்கானிக். டிசம்பர் 27, திங்கட்கிழமை. நவம்பரில் அளவெடுத்தார்கள். அந்த மாதம் எட்டுக் கோட்டு. 24-ந் திகதி பின்னேரம் கெரன் போட்டுப் பார்க்க வந்தான். கோட்டு அளவாக இருந்தது. களிசான் இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு அங்குலம் கூட. கெரன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அங்கிள், இதுக்குள்ள என்ர தம்பியையும் விடலாம் போல.”

எல்லாரும் சிரித்தார்கள். பப்பா சிரிக்கவில்லை. இடுப்பு அளவு பிழையாவது அவருக்கு அதுதான் முதல் தடவை. கீலம் ஏற்கெனவே கோட்டுக்குள் தைக்கப்பட்டுவிட்டது. அதைத் திறந்து பார்க்க அவருக்குத் தேவையாகவும் இருக்கவில்லை. என்ன நடந்தது என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தார். அவசரத்தில், கண்ணில் பட்ட முதல் சரிவு வெட்டையே மூச்சை இழுத்த அளவு என்று எடுத்து, மேலே கூட்டி வெட்டிவிட்டார். இரண்டாவது வெட்டைத் தேடவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணக் கோட்டின் அந்த ஒரு பொத்தானுக்குத் துளை வெட்டுவது கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில், மாப்பிள்ளை வீட்டில், அவன் சாப்பிட்ட பிறகு, கோட்டு அவன் உடம்பில் இருக்கும்போது. மற்றத் தையல் எல்லாம் பிரித்துத் தைக்கலாம். வெட்டின துளையை மூட முடியாது. அதனால் கடைசியில் வைப்பார்.

26-ந் திகதி காலை ஏழரைக்குப் பப்பா கோட்டைப் பெட்சீற்றில் சுற்றிச் சைக்கிளில் வைத்தார். மம்மா தையல் மெஷினில் இருந்தபடி சொன்னா: “நீங்க கோட்டைக் கொண்டு போங்க, வேர்னன். களிசான நானே முடிச்சிட்டுப் பின்னால வாறன்.”

கெரன் கிறிஸ்மஸ் கேக்கும் இடியப்பமும் சாப்பிட்டு முடிய மணி ஒன்பதாகிவிட்டது. பப்பா சோக்கால் துளைக்குக் கோடு போட்டார். கத்தரிக்கோலை எடுத்தபோது தெருவில் சனம் ஓடியது. கடல் வந்துவிட்டது என்றார்கள். கோட்டைக் கெரனின் உடம்பிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். வீட்டுக்குப் போகிற கல்லடிப் பாலத்தில் எதிரே வந்தவர்கள் அவரைப் போக விடவில்லை.

நான் 28-ந் திகதி கொழும்பில் இருந்து வந்து சேர்ந்தேன். அன்றுதான் மம்மாவைக் கண்டெடுத்தார்கள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் இருந்தது. தையல் மெஷினின் இரும்புக் கால் தென்னையில் மாட்டி நின்றது.

அதற்குப் பிறகு ஐந்து வருடத்தில் பப்பா ஒரே வசனத்தை மூன்று தரம் என்னிடம் சொன்னார். “ரெண்டாவது வெட்ட நான் தேடியிருந்தா அவ அண்டைக்கு வீட்டில இருந்திருக்க மாட்டா.”

கெரனின் கல்யாணம் நின்றது. பெண்ணின் தகப்பனும் அன்று போய்விட்டார். கெரனின் தாய் கோட்டைக் கொண்டுவந்து பப்பாவிடம் கொடுத்தா. சோக்குக் கோடு அப்படியே இருந்தது. அவர் அதைப் பெட்சீற்றில் சுற்றி வைத்தார், பிறகு தொடவில்லை.

அவர் திரும்ப வேலைக்கு வந்தது ஒரு குப்பையால். தை மாதம் தேவாலய மண்டபத்தில் நிவாரண உடுப்பு மலை மாதிரிக் குவிந்தது. வெளிநாட்டுக் குளிருக்குத் தைத்த கோட்டுகள். முழங்கால் வரை நீளம், கம்பளி. மாங்கேணியில் இருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர் ஒன்றைப் போட்டுப் பார்த்து, “இதப் போட்டா மீனுக்குத்தான் குளிரும்” என்றார். பப்பா அந்தக் குவியலில் ஒரு கோட்டைக் கையில் எடுத்தார். வெளிநாட்டுக் கோட்டு. அப்படி ஒன்றை அவர் படத்திலும் மற்றவர்கள் முதுகிலும்தான் பார்த்திருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று முப்பது வருடமாக யோசித்தவர். மண்டபத்தின் ஒரு மூலையில் இருந்து சவர அலகால் தையலைப் பிரித்தார். நெஞ்சைத் திறந்தார்.

“ரெனி, இஞ்ச வா.”

போனேன். உள்ளே கன்வசின் இடத்தில் ஒரு மெல்லிய துணி. நூலே இல்லை.

“பசை,” என்றார். “பசை போட்டு ஒட்டியிருக்கிறான்கா. நான் ஒரு நெஞ்சுக்கு எண்ணூறு கைத்தையல் போடுறன். இவனுக்குப் பயந்தா நான் இவ்வளவு நாளும் இருந்த?”

சிரித்தார். மம்மா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அன்று இன்னும் ஆறு கோட்டுப் பிரித்தார். அடுத்த கிழமை ஒரு பழைய மெஷின் தேடினார். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டின் முன்னறையில் புதுப் பலகை. பக்கத்து வீடு திரும்பவும் அருமைநாயகம் மாமாவுக்கே விழுந்தது. சேட்டு தைத்தார், களிசான் தைத்தார். கோட்டு மட்டும் இல்லை. கேட்டவர்களைக் கடையில் வாங்கச் சொன்னார். இடுப்பை இரண்டு தரம் மட்டுமில்லை, நான்கு தரம் அளந்தார்.

2009 மே மாதம் சண்டை முடிந்தது. சாவடிகள் மெல்ல மெல்லக் குறைந்தன. வேர்னன் சேட்டின் பையை என்ன செய்வது என்று பப்பா யோசித்துக்கொண்டிருந்தபோது, பொடியன்கள் அதற்குள் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு வந்தார்கள். அளவாக இருந்தது. அவர் ஒரு நூலளவுகூட மாற்றவில்லை.

செப்டெம்பரில் கெரன் கட்டாரில் இருந்து வந்தான். நான் லீவில் வீட்டில் இருந்தேன். ஐந்து வருடத்தில் நன்றாகத் தடித்திருந்தான். அதே பெண், காத்திருந்தவள். திகதி வைத்துவிட்டார்கள்.

“அங்கிள், கோட்டு இருக்கா?”

“இருக்கு.”

“போட ஏலுமா?”

“கோட்டையா கேக்கிற, வண்டியையா கேக்கிற?”

கெரன் வயிற்றைத் தடவிக்கொண்டான். பப்பா சேட்டுத் தைத்துத் தருவதாகச் சொன்னார். கோட்டை ரவுனில் வாங்கச் சொன்னார்.

“அவள் அதைத்தான் கேக்கிறாள், அங்கிள். அண்டைக்கு நான் உடுத்தின கோட்டு எண்டு.”

“நீ அண்டைக்கு அத உடுத்தல்ல. துளை வெட்டாத கோட்டு கோட்டில்ல.”

கெரன் போன பிறகு நான் கேட்டேன், ஏன் இப்படி என்று. அவர் சொன்னார்: “பெருப்பிக்கிறதெண்டா திறக்கணும். திறந்தா கீலம் வரும்.”

“வரட்டுமே.”

“நீ அளவு பாக்கிற பிள்ளை. உனக்கு எண் வந்தாப் போதும்.”

கோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அன்று முழுவதும் அது அங்கேயே கிடந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வேலை செய்தார்.

மறுநாள் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, அவரே சவர அலகை எடுத்தார். இடது நெஞ்சின் உள்பக்கத்தைப் பிரித்தார். கீலம் மடிந்தபடி இருந்தது, கொஞ்சம் மஞ்சளாகி. நுனியில் மம்மாவின் எழுத்தில் ‘கெரன்’.

அப்போது அவருக்குக் கண்ணில் வெண்புரை. கீலத்தை நகத்தால்தான் வாசித்தார். பெருவிரல் நகத்தை ஓரத்தில் ஓட விட்டார். சரிவு வெட்டில் நின்றார். தாண்டிப் போனார். நுனிவரை போய்த் திரும்பி வந்தார். மூன்று தரம்.

என்னிடம் நீட்டினார். “சரிவு வெட்டு எத்தனை?”

“ஒண்டு.”

“வெளிச்சத்தில பாரு.”

முற்றத்துக்குக் கொண்டுபோனேன். வேலைக்கு வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் இரண்டு ஓரத்தையும் பார்த்தேன். கிழிவு இல்லை, ஒட்டு இல்லை. ஒரே ஒரு சரிவு வெட்டு. நுனியில் இருந்து முப்பத்துமூன்றரை அங்குலம். சொன்னேன்.

“அது மூச்சை விட்ட அளவு,” என்றார். “மத்தது வெட்டப்படல்ல.”

கதிரையில் இருந்தார். நான் நின்றேன்.

“அளவெடுத்த அண்டைக்கு றால் விக்கிறவன் வந்தவன்,” என்றார். “கெரன மூச்ச இழுத்துப் பிடிக்கச் சொல்லி நிப்பாட்டி வெச்சிருக்கிறம். நான் ‘வெட்டு’ எண்டன். கேற்றில அவன் கூப்பிட, டோறா அங்கால கிறுகி விலை கேட்டா. மறுகா திரும்பி அடுத்த வெட்ட வெட்டினா. நான் அவட கையப் பாக்கல்ல.”

“அப்ப நீங்க தேடியிருந்தாலும் ரெண்டாவது வெட்டு இருந்திருக்காது, பப்பா.”

“ஓம்.”

“உங்களில பிழை இல்ல.”

“களிசான் பெருத்த உடனே அவவுக்கு விளங்கியிருக்கும். அதுதான் நானே முடிக்கிறன் எண்டவ. நான் என்ர பிழைய மூடுறா எண்டு நினைச்சன்.” கீலத்தை வாங்கி மடித்தார், திரும்ப விரித்தார். “அஞ்சு வருசம் இது என்ர பிழையா இருந்த. அப்பிடியே இருந்திருக்கலாம், ரெனி.”

நான் கொண்டுவந்த அளவு சரியானது. அதனால் அவருக்கு ஒரு சுமை இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கியதா என்று இன்றும் தெரியாது. ஆனால் அன்று மத்தியானம் கெரனுக்குச் சொல்லி அனுப்பினார்.

கெரன் வந்து நின்றான். பப்பா அதே கீலத்தின் மற்ற ஓரத்தை எடுத்தார். மம்மா வெட்டிய ஓரத்தைத் தொடவில்லை. என்னைப் பார்த்துச் சின்னக் கத்தரிக்கோலைக் காட்டினார். வாழ்க்கையில் முதல் தடவை.

“மூச்ச இழு, கெரன். இன்னும். உனக்கு அவ்வளவுதானா?”

“இதுக்கு மேல இழுத்தா பொத்தான் உங்கட கண்ணில பாயும், அங்கிள்.”

“வெட்டு.”

வெட்டினேன்.

“விடு. வெட்டு.”

வெட்டினேன். அவர் நகத்தை ஓட்டிப் பார்த்தார். இரண்டும் இருந்தன.

நான்கு நாள் அதில் இருந்தார். உள்ளே விட்டிருந்த துணி முழுவதும் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முதல்நாள் காலை கெரன் வீட்டுக்கு இருவரும் போனோம். அவன் இடியப்பம் சாப்பிட்டான். கோட்டைப் போட்டான். பழைய சோக்குக் கோடு மங்கலாகத் தெரிந்தது. புதுக் கோடு அதில் இருந்து அரை அங்குலம் தள்ளி விழுந்தது. பழையதைத் துடைக்கவா என்று கேட்டேன். வேண்டாம், பொத்தான் மறைக்கும் என்றார். வெட்டினார். அங்கேயே உட்கார்ந்து ஓரத்தைக் கையால் தைத்தார். பொத்தானைப் போட்டார்.

“ஆடு.”

கெரன் வெட்கப்பட்டான். தாளம் போட ஆள் இல்லை. பப்பா கையைத் தட்டத் தொடங்கினார். மம்மா தட்டுகிற அதே விதம், இரண்டு மெல்ல, ஒன்று உரக்க. கெரன் கையைத் தூக்கி ஆடினான். கொலரின் சிவப்புக் கோடு ஒரு கணம் தெரிந்தது. கோட்டு இருந்த இடத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு இறக்கும்வரை பதினொரு கோட்டு வெட்டினார். நான் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். கீலத்தில் யார் வெட்டியது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அடக்கம் முடிந்து வந்து அருமைநாயகம் மாமாவிடம் கேட்டேன்.

“ஆரு வெட்டுற? அவன்தான்,” என்றார். “ஒரு கையால பிடிச்சிட்டு மத்தக் கையால வெட்டுவான். ஆனா ‘வெட்டு’ எண்டு சொல்லுவான் பிள்ள, எனக்கு இஞ்ச கேக்கும். சொல்லிப்போட்டுக் கொஞ்சம் நிண்டுதான் வெட்டுவான்.”